படிப்பில் கவனம் நிலைக்கவில்லையா? கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் இரண்டு பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. படித்த பத்தியையே மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழுகிறது, மனத்தில் பதிவதில்லை. இத்தகைய குறைகளுடன் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் கல்லூரி மாணவர்கள் பலர். உடன் வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, ஞாபக சக்திக்கு நல்ல டானிக் ஒன்றை எழுதிக் கொடுக்க முடியுமா என்பதே.

கவனம் நிலைக்காமை தனியொரு நோய் அன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காய்ச்சல் வந்தவருக்கு அதன் காரணம் என்னவென்று பார்ப்பதைப் போலவே, கவனம் சிதறுபவருக்கும் காரணத்தைத் தேட வேண்டும். போதாத உறக்கம், இரத்தசோகை, கைப்பேசிப் பழக்கம், பயனற்ற படிப்பு முறை, பயிற்று மொழி மாற்றம், மனச்சோர்வு ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள். ஒருவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பதும் உண்டு. காரணம் தெரியாதவரை மாணவர் தம்மை மந்தமானவர் என்று எண்ணிக்கொள்கிறார். வீட்டில் உள்ளவர்கள் சோம்பேறி என்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தவறான முடிவுகளே.

கவனம் எவ்வாறு செயல்படுகிறது?

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் மட்டுமே. ஆயினும் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனோ உறக்கமோ குறைந்தால் மூளையின் உயர்நிலைச் செயல்கள் விரைவில் தளர்கின்றன. அவற்றில் கவனமும் ஒன்று.

ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வைத்துக் கையாளக்கூடிய செய்திகள் மிகச் சில. ஏறத்தாழ நான்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். ஆகவே, பாடத்தையும் கைப்பேசி உரையாடலையும் ஒருசேர நடத்துவதாகத் தோன்றும்போது, உண்மையில் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கச் சிறிது நேரமும் உழைப்பும் செலவாகின்றன. மூன்று மணி நேரம் படித்த களைப்பு இருந்தும் ஒரு மணி நேரப் படிப்புக்கான பயன்கூடக் கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

முதலில் உறக்கத்தைக் கணக்கிடுங்கள்

18 முதல் 25 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. விடுதியில் நள்ளிரவு 1 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழுபவருக்குக் கிடைப்பது 5 மணி நேரம். வீட்டிலிருந்து நெடுந்தொலைவு பேருந்தில் சென்று வரும் மாணவர்களின் நிலையும் இதுவே. இப்படி ஒரு வாரம் சென்றால், உடல் இழந்த உறக்கம் இரண்டு முழு இரவுகளுக்கு ஈடாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை உறங்குவதால் இது முழுமையாக ஈடுசெய்யப்படுவதில்லை. அன்றிரவு உறக்கம் வராமல் திங்கட்கிழமை மேலும் கெடுகிறது.

தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வகுத்துள்ள வரம்பு 30 மில்லி கிராம். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணியைக் கடக்கும்போது அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அதற்குப் பின்னும் கண் விழித்துப் படிக்கும் ஒரு மணி நேரத்தின் மதிப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம். மேலும், பகலில் கற்றவை நினைவில் உறுதிப்படுவது உறக்கத்தின்போதுதான். எனவே, தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருப்பது, படித்ததைச் சேமிக்கும் வேலையையே நிறுத்திவிடுவதாகும்.

படுக்கும் நேரத்தை மாற்றுவதை விட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது எளிது. விடுமுறை நாள் உட்பட எல்லா நாட்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்தால், இரண்டு மூன்று வாரங்களில் உறக்கம் வரும் நேரமும் அதற்கேற்ப முன்னே நகரும். தேநீர், காபியில் உள்ள காஃபினில் பாதி உடலிலிருந்து வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவு 7 மணிக்குக் குடித்த காபியில் பாதி நள்ளிரவிலும் உங்கள் உடலில் இருக்கும். மாலை 4 மணிக்குப் பிறகு இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பகலில் கண் அயர வேண்டியிருந்தால் 20 நிமிடங்களுக்குள் எழுந்துவிடுங்கள். 7 மணி நேரத்திற்கு மேல் உறங்கியும் பகலில் தூக்கம் அழுத்துகிறது, இரவில் உரத்த குறட்டை வருகிறது என்று அறைத்தோழர்கள் சொன்னால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இரத்தசோகை: எளிதில் கண்டறியலாம், பலர் கண்டறிவதில்லை

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு. மகளிர் விடுதி ஒன்றில் கவனம் நிலைக்கவில்லை என்று கூறும் மாணவியரிடம் முதலில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. எப்போதும் களைப்பு, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பச்சரிசி, சாம்பல், சாக்குக்கட்டி ஆகியவற்றைத் தின்ன வேண்டும் போன்ற ஆசையும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமே. இதைச் சொல்ல மாணவியர் வெட்கப்படுகின்றனர். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, மருத்துவருக்கு இது மிகவும் பயனுள்ள தகவல்.

மாதவிடாயின்போது அதிக இரத்தப்போக்கு, கொக்கிப்புழுத் தொற்று, காலை உணவைத் தவிர்த்தல், உணவுடன் தேநீர் குடித்தல் ஆகியவை காரணங்களில் முக்கியமானவை. காலை 6.30 மணிப் பேருந்தைப் பிடிப்பதற்காக ஒரு குவளை தேநீரோடு புறப்படும் மாணவி, முதல் உணவை உண்பது நண்பகல் 1 மணிக்குத்தான். முந்தைய இரவே அவித்து வைத்த கொண்டைக்கடலை, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ் என ஏதேனும் ஒன்றை எடுத்துச் சென்று பேருந்திலேனும் உண்ணலாம்.

இரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரை தேவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மாத்திரையைத் தேநீர், காபி, பாலுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றுடன் எடுத்தால் இரும்புச்சத்து நன்கு உறிஞ்சப்படும். மலம் கருமையாவது இயல்பு. வயிற்றுப் புரட்டல் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடாமல், உணவுக்குப் பின் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் இயல்பு நிலையை அடைந்த பின்னரும், உடலின் இரும்புச் சேமிப்பு நிறைவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் தொடர வேண்டும். களைப்பு நீங்கிய உடனே மாத்திரையை நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு அடுத்த ஆண்டு இதே குறை திரும்புகிறது. பரிசோதனை செய்யாமல் தாமாகவே மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வதும் சரியன்று.

தைராய்டு சுரப்பிக் குறைபாடு, முழுச் சைவ உணவினரிடம் காணப்படும் வைட்டமின் பி12 குறைவு, கண்டறியப்படாத பார்வைக் குறைபாடு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரலாம். படிக்கத் தொடங்கிய அரை மணியில் நெற்றி வலிக்கிறது, வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றால் முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைப்பேசி

அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பாடம் சற்றுக் கடினமாகும் தருணத்தில், ஒலி எதுவும் எழாமலே கை தானாகக் கைப்பேசியை நாடுகிறது. இது மன உறுதி இல்லாமை அன்று. பல மாதங்களில் படிந்த பழக்கம். பழக்கத்தை மன உறுதியால் எதிர்ப்பதை விடத் தொலைவால் எதிர்ப்பது எளிது. படிக்கும் நேரத்தில் கைப்பேசியை மற்றோர் அறையிலோ, விடுதியில் எனில் பூட்டிய பெட்டியிலோ, அறைத்தோழரிடமோ வையுங்கள்.

பாடக் குறிப்புகளே வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன என்பது நியாயமான மறுப்பு. நாளுக்கு இரு முறை, குறித்த நேரத்தில் அவற்றைத் தரவிறக்கம் செய்து, தேவையானவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளலாம் அல்லது அச்செடுக்கலாம். குழுவைத் திறந்து வைத்துக்கொண்டே படிக்க வேண்டியதில்லை.

படிக்கும் முறையே கவனத்தைக் குலைக்கலாம்

உடல்நலத்தில் குறையின்றி, உறக்கமும் போதுமானதாக இருந்தும் மனம் அலைகிறது என்றால், நீங்கள் படிக்கும் முறையைப் பாருங்கள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும், வண்ணக் கோடு இடுவதும் மனத்திற்கு வேலை தருவதில்லை. வேலையில்லாத மனம் அலையத்தான் செய்யும்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006ஆம் ஆண்டு கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனை இங்கு பயனுள்ளது. ஒரு பகுதியினர் பாடத்தை மீண்டும் வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒரு முறை வாசித்தபின், அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டனர். மீண்டும் வாசிப்பது நமக்குத் தெரிந்துவிட்டது என்ற நிறைவை உடனே தருகிறது. அந்த நிறைவு தேர்வு அறை வரை வருவதில்லை.

எனவே, இரண்டு பக்கம் வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். நினைவில் உள்ளவற்றை வெற்றுத்தாளில் எழுதுங்கள், அல்லது நண்பருக்கு விளக்குவதைப் போல வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திறந்து, விடுபட்டவற்றை மட்டும் பாருங்கள். மறுநாளும், அதற்கடுத்த வாரமும் இதையே செய்யுங்கள். தொடக்கத்தில் இது களைப்பூட்டும். வேகம் குறைந்ததைப் போலத் தோன்றும். அந்தச் சிரமமே கற்றல் நிகழ்வதன் அடையாளம்.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறை பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. 25 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. இப்போது உங்களால் 12 நிமிடம்தான் அமர முடிகிறது என்றால் 12 நிமிடத்தில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஓய்வு நேரத்தில் எழுந்து நடங்கள். கைப்பேசியைப் பார்ப்பது ஓய்வாகாது. நாள்தோறும் அரை மணி நேர விரைவு நடையோ விளையாட்டோ உறக்கத்திற்கும் கவனத்திற்கும் துணை செய்யும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்புகளில் ஆங்கில வழிக்கு மாறும் மாணவர்கள் தங்களுக்குக் கவனக்குறைவு என்று கருதுவது பல நேரங்களில் கவனக்குறைவே அன்று. ஒவ்வொரு வரியிலும் சொல்லின் பொருளைத் தேடுவதற்கே மனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. பாடக்கருத்துக்கு எஞ்சுவது சிறிது. ஆங்கில வழியில் படித்தவர் அரை மணியில் முடிக்கும் பகுதிக்கு இரண்டு மணி நேரம் ஆவது இதனால்தான். பள்ளியில் முதலிடம் பெற்றவர்கூட முதல் பருவத்தேர்வில் பாடங்களை இழந்து மனம் உடைவதைக் காண்கிறோம். அறிவுத்திறன் குறைந்துவிடவில்லை, சுமை கூடியிருக்கிறது.

தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்பு அறிவியல் பாடநூல்கள் இரு மொழிகளிலும் ஒரே பாடப்பொருளுடன் கிடைக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே தமிழில் நன்கறிந்த பாடத்தின் ஆங்கில வடிவத்தை அருகருகே வைத்து, நாளுக்கு இரண்டு பக்கம் வாசியுங்கள். கருத்து தெரிந்திருப்பதால் சொற்கள் விரைவில் பிடிபடும். கல்லூரிப் பாடத்தில் மறுநாள் வகுப்புக்குரிய கலைச்சொற்களை முந்தைய நாளே பார்த்து ஒரு தனி ஏட்டில் எழுதிச் சென்றால், வகுப்பைப் பின்தொடர்வது எளிதாகும். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதில் இழிவு ஏதுமில்லை.

மனச்சோர்வையும் பதற்றத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள்

கவனம் செலுத்த முடியாமை மனச்சோர்வு நோயின் அடிப்படை அறிகுறிகளில் ஒன்று. மாணவர்கள் "மனம் சரியில்லை" என்று வருவதில்லை. "படிப்பு ஏறவில்லை" என்றுதான் வருகின்றனர். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருக்கிறதா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போய்விட்டதா? இவற்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையானால், படிப்பு முறையை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். அது குணமாகும்போது கவனமும் திரும்புகிறது.

கடன், குடும்பச் சிக்கல், காதல் முறிவு, விடுதியில் துன்புறுத்தல் என மனத்தை வேறொன்று நிறைத்திருக்கும்போதும் புத்தகத்தில் அதற்கு இடமிருக்காது. மதுவும் கஞ்சாவும் பதற்றத்தைத் தற்காலிகமாக மறைத்து, கவனத்தையும் நினைவையும் மேலும் கெடுக்கின்றன.

வாழ்வதில் பொருளில்லை, இறந்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், அதை யாரிடமேனும் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை சேவை 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம். உங்கள் நண்பர் இவ்வாறு பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்களிக்கவும் வேண்டாம்.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு

ஏ.டி.எச்.டி. எனப்படும் இக்குறைபாடு இப்போது சமூக ஊடகங்களில் அதிகம் பேசப்படுகிறது. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, தமக்கு அது இருப்பதாக முடிவுசெய்து வருவோர் கூடியுள்ளனர். சிலருக்கு உண்மையிலேயே அது உண்டு. அவர்கள் சிறு வயதில் கண்டறியப்படாதவர்கள். ஆனால் இக்குறைபாடு கல்லூரியில் சேர்ந்தபின் புதிதாகத் தோன்றுவதில்லை. 12 வயதுக்கு முன்பே இதன் அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். படிப்பில் மட்டுமன்றி வீடு, நட்பு, பணம், பயணம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இடையூறு விளைவித்திருக்க வேண்டும். எனவேதான் மனநல மருத்துவர் உங்கள் தொடக்கப்பள்ளிக் காலத்தைப் பற்றித் தாயிடமோ தந்தையிடமோ கேட்பார். உறுதியானால் மருந்தும் பயிற்சியும் நல்ல பலன் தரும்.

அந்த மருந்துகளை நோயில்லாதவர் தேர்வுக் காலத்தில் நண்பரிடம் வாங்கி விழுங்குவது ஆபத்தானது. மெத்தில்பெனிடேட் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும்; உறக்கத்தைக் கெடுக்கும்; பழக்க அடிமைத்தனத்திற்கும் இட்டுச் செல்லும். விழித்திருப்பதற்காகச் சிலர் பயன்படுத்தும் மொடாஃபினில் அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. கருத்தடை மாத்திரைகளின் பலனையும் குறைக்கிறது. டானிக் பற்றிக் கேட்பவர்களுக்கு: வல்லாரைக் கீரையைத் துவையலாக உண்பதில் தடையில்லை, ஆனால் 5 மணி நேர உறக்கத்தையோ 8 கிராம் ஹீமோகுளோபினையோ அது சரிசெய்யாது.

பெற்றோருக்கு

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடுவது கவனத்தைக் கூட்டியதாக எந்த மருத்துவரும் கண்டதில்லை. முன்பு நன்றாகப் படித்தவர் திடீரெனப் பின்தங்கினால், அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால், உணவும் உறக்கமும் மாறினால், அதைச் சோம்பல் என்று கருதாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அங்கு சிறிது நேரம் பிள்ளையை மருத்துவருடன் தனியே பேச விடுங்கள்.

எப்போது, எங்கே செல்ல வேண்டும்?

உறக்கம், உணவு, படிப்பு முறை ஆகியவற்றை நான்கு வாரங்கள் சீர்செய்தும் மாற்றமில்லை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுதல் வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கலாம். இதற்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தியுடன் குழப்பம் ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மனநல சிகிச்சை பெறுவது கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவர் அவற்றை உங்கள் ஒப்புதலின்றி வெளியிட இயலாது.

வரும்போது, கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு நாளும் உறங்கிய நேரம், எழுந்த நேரம், உண்ட உணவு, குடித்த தேநீர், படித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும், கண்ணாடி அணிபவராயின் அதையும் உடன் கொண்டு வாருங்கள்.